பந்தயக் காருக்கு ஒரு பின்சீட்டு

போன வாரம் அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தோழி நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைத் திறந்தாள். ஏ.சி. ஓடுகிற மூடிய அறை. எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு மட்டும் வலது கட்டைவிரல் குறுகுறுத்தது. அந்த வாசனை வந்தால் போதும், எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காரின் கதவை உருக்கிய குற்றம் என் கட்டைவிரலுக்கு ஞாபகம் வந்துவிடும். கார் என்றதும் பயந்துவிடாதீர்கள். ஜாமெட்ரி பாக்ஸ் நீளம்தான் இருக்கும்.

நான் இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கார்களுக்குக் கதவுக் கைப்பிடி வரைகிறேன். ஒரு கைப்பிடியின் வளைவுக்கு மூன்று மீட்டிங் நடக்கும். 'இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க' என்று யாராவது கேட்டால் படிப்பு, ஆர்வம் என்று ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். என்னுடைய முதல் கதவுக் கைப்பிடி ஸ்டேப்ளர் பின்னில் செய்தது என்பதை எப்படிச் சொல்வது?

எங்கள் வீடு திருத்தணியில். அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடு. அப்படியென்றால் தெலுங்கா தமிழா என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு நேரமில்லை, இரண்டிலும் சண்டை போட்டு முடித்திருப்போம். நைனா டாக்ஸி ஓட்டினார். ஸ்டேஷன் வாசலில் வண்டியைப் போட்டுக்கொண்டு நிற்பார். ரயிலில் வந்து இறங்குகிற குடும்பத்தை மலைக்கு ஏற்றுவார், அங்கே மொட்டை போட்டு முடித்த இன்னொரு குடும்பத்தைக் கீழே இறக்குவார். ஏறும்போது தலைமுடி, இறங்கும்போது சந்தனம். அதனால் எங்கள் வண்டியின் பின்சீட்டில் தலை சாய்கிற இடமெல்லாம் வட்ட வட்டமாக மஞ்சள் கறை. பெரிய வட்டம் அப்பாக்கள், சின்ன வட்டம் குழந்தைகள். அம்மா மாதம் ஒருமுறை சீட்டுறையைத் துவைப்பாள். கறையும் போகாது, வாசனையும் போகாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அந்தப் பின்சீட்டில் படுத்துக்கொண்டுதான் படிப்பேன். பத்தாம் வகுப்பு அறிவியல் இன்றைக்கும் எனக்குச் சந்தன வாசனையோடுதான் ஞாபகம் இருக்கிறது. மதிப்பெண் அவ்வளவு மணக்கவில்லை.

வண்டி வெள்ளை நிறம். பெரிய பெட்டியின்மேல் சின்னப் பெட்டியை வைத்த மாதிரி உருவம், நான்கு கதவு, மேலே சாமான் வைக்கிற கேரியர். அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு. நைனா வாக்குக் கொடுத்திருந்தார்: எனக்குப் பதினெட்டு முடிந்ததும் எல்.எல்.ஆர். போட்டுத் தருவார், நான் முதன்முதலில் ஓட்டப்போவது இந்த வண்டியைத்தான், ஓட்டப்போவது மலைமேல்தான். அதற்கு ஒரு நாள் முன்னால்கூட ஸ்டியரிங்கில் கை வைக்கக்கூடாது. "ஒரு கேஸ் இல்லாத லைசென்சு என்னுது" என்பார். வேறு வீடுகளில் டாக்டர் பட்டத்தை அந்தக் குரலில் சொல்வார்கள்.

என் பிறந்தநாள் தை மாதத்தில் வருகிறது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதி என்று தருகிற சான்றிதழ், எஃப்.சி., ஆடி மாதத்தோடு முடிகிறது. நான் காலேஜ் சேர்ந்த வருஷம் அது. வண்டியின் அடித்தகடு முழுக்கத் துரு. இனிமேல் எஃப்.சி. வாங்க முடியாது என்று பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். பழைய வண்டிகளை வாங்கிப் பிரிக்கிறவர் ஒருவர் கனகம்மாசத்திரத்திலிருந்து வந்து, டயரை எட்டி உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அந்த உதை பட்ட மாதிரி இருந்தது.

"ஆறு மாசம் தள்ளிப்போடு நைனா."

"எஃப்.சி. இன்னா, உன் பர்த்டே பாத்துகினா வருது?"

"அப்ப ஒரே ஒரு வளைவு. மலைல கடைசி வளைவு மட்டும் நான் ஏத்தறேன்."

"லைசென்ஸ் வாங்கினு வா."

"நான் வாங்கினு வரசொல்ல வண்டி இருக்காதே."

"இரும்பு தானேம்மா. அதப் போயி," என்று சொல்லிவிட்டு நைனா சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை என்பதை அம்மா கவனித்தாள். நான் கோபத்தில் கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முரளி பாவா லீவில் வந்தார். அக்காவின் வீட்டுக்காரர், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். ஊருக்கு வந்தால் எல்லாருக்கும் தைலம், எனக்கு மட்டும் ஏதாவது விசித்திரமாக. அந்தமுறை ஒரு அட்டைப்பெட்டி. அதன்மேல் படத்தில், சேற்றை வாரியடித்துக்கொண்டு, எங்கள் வண்டி.

"மாமா வண்டி மாதிரியே கீதுன்னு வாங்கியாந்தேன்," என்றார் பாவா.

விஷயம் இதுதான். எங்கள் வண்டியின் உடம்பை வரைந்தது வெளிநாட்டில். அதே உடம்போடு பிறந்த அண்ணன் வண்டி அங்கேயே தங்கி மலைச்சாலைப் பந்தயங்களில் ஓடியிருக்கிறான், தம்பி இங்கே வந்து டாக்ஸியாகிவிட்டான். பெட்டிக்குள் இருந்தது அண்ணன். நிஜ வண்டியில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு, பிளாஸ்டிக் சட்டங்களில் அவரைக்காய் மாதிரி தொங்குகிற நூறு பாகங்கள், ஒட்டிச் சேர்க்க வேண்டியது நாம். கதவில் பெரிய எண், மூக்கில் நான்கு கூடுதல் விளக்கு, புடைத்த மட்கார்டு, மைதானம் மாதிரி அகலமான டயர். உள்ளே இரண்டே சீட்டு. அதைச் சுற்றிக் குழாய்க் கம்பியில் ஒரு கூண்டு.

நைனா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "உள்ள இன்னாத்துக்கு கோழிக்கூண்டு?"

"வண்டி உருண்டா ஆளுக்கு அடிபடாம இருக்க மாமா."

"உருள்ற மாதிரி எதுக்கு ஓட்டணும்?" பெட்டியைத் திருப்பினார். "பின்சீட்டு எங்க? ஜனங்க எங்க குந்தும்? இது நம்ம வண்டி இல்ல, முரளி. இது எவனோ ரவுடி."

அந்த நொடியில்தான் எனக்கு அது தோன்றியது. என் பதினெட்டு வரைக்கும் காத்திருக்காத வண்டிக்குப் பதிலாக, காத்திருக்கிற வண்டி ஒன்றை நானே செய்துகொள்வது. இந்த ரவுடியைப் பிடித்துத் திருத்தி, நம்பர் பிளேட்டு வரைக்கும் நைனாவின் டாக்ஸியாக ஆக்கிவிடுவது. ஊரில் எல்லாரும் சாதாரண வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டி, சைலன்சரை மாற்றிப் பந்தய வண்டி ஆக்குவார்கள். நான் பந்தய வண்டியின் வீரத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதை ஒரு குடும்பஸ்தன் ஆக்கப் புறப்பட்டேன்.

கூண்டை வீசினேன். விளக்குகளைக் கழற்றினேன். புடைத்த மட்கார்டை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து ஒட்டவைத்தேன்; மாடி அறை முழுக்க வெள்ளைத் தூள், சாப்பாட்டிலும் கொஞ்சம் இருந்திருக்கும். பானெட்டில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டைகளைப் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிய பட்டி வைத்து அடைத்தேன். அகல டயரை வெண்டைக்காய் நறுக்குவதுபோல பிளேடால் நறுக்கி ஒல்லியாக்கினேன். வீல் கப்புக்கு அம்மாவின் தையல் டப்பாவில் இருந்த பிரஸ் பட்டன். பம்பருக்கு மாத்திரை அட்டையின் பளபளத் தகடு. பக்கக் கண்ணாடிக்குச் சமிக்கி. எல்லாம் பொருந்தியது. அந்தத் திமிரில்தான் கதவில் அச்சடித்திருந்த எண்ணை அழிக்க, அக்காவின் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை எடுத்தேன். எண் போனது. கூடவே பிளாஸ்டிக்கும் இளகியது. என் கட்டைவிரல் ரேகை இடதுபக்கப் பின்கதவில் குழியாகப் பதிந்து, ஆதார் அட்டைக்கு எடுத்ததைவிடத் தெளிவாக நின்றது.

நைனா அதைத் தடவிப் பார்த்தார். "பொன்பாடி செக்போஸ்ட்டாண்ட லாரிக்காரன் இடிச்சது வலதுபக்கம்."

"தெரியும் நைனா. இது தப்பாப் போச்சு."

"சரி வுடு. இந்தப் பக்கமும் இடிச்சான்னு வெச்சிக்கலாம்."

அளவெடுப்பது பெரிய வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் தையல் டேப்போடு ஸ்டேஷன் வாசலுக்குப் போவேன். நைனா சவாரிக்குக் காத்திருக்க, நான் பம்பரைச் சுற்றி, கண்ணாடியைச் சுற்றி அளந்து, நோட்டில் குறித்து, இருபத்துநாலால் வகுப்பேன். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்குப் பொழுது நன்றாகப் போயிற்று.

"இன்னா அண்ணே, பொண்ணு வண்டிக்கு ஜாக்கெட் தைக்குதா?"

"ஆங். கல்யாணம் வெச்சிருக்கோம். நீ மொய் எடுத்துகினு வா," என்பார் நைனா.

இரும்புதானே என்றவர்தான். ஆனால் தினமும் சாயங்காலம் மாடிக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரேக் இன்ஸ்பெக்டர் மாதிரி என் மேசையைச் சுற்றுவார். "கேரியரு நேரா கீது. நம்முளுது எடதுபக்கம் கொஞ்சம் சாஞ்சிகினு இருக்கும்." சாய்ப்பேன். "வைப்பரு ஒண்ணுதான் வேல செய்யும், தெரியுமில்ல?" இந்த அளவில் எதுவும் வேலை செய்யாது நைனா என்பேன். "அதுக்கில்ல. வேல செய்யாதது கொஞ்சம் தூக்கினு நிக்கும்." தூக்கி வைப்பேன்.

இதற்கிடையில் கனகம்மாசத்திரத்துக்காரர் வண்டியை எடுத்துப்போக வந்தார். வெள்ளிக்கிழமை. வாசலிலேயே அம்மா மறித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வீட்டு வண்டியை வெளியே அனுப்புவார்களா? அடுத்து செவ்வாய்க்கிழமை வந்தார். முருகனுக்கு உகந்த நாளில், அவன் மலைக்கே ஏறி இறங்கின வண்டியையா? அப்புறம் அஷ்டமி. அடுத்த நாள் நவமி. கிருத்திகையன்று அவரே வரவில்லை, போனில் கேட்டார்.

"எந்தக் கிழமதாம்மா நல்ல கிழம?"

"சொல்லி அனுப்பறோம்ங்க," என்று அம்மா போனை வைத்தாள்.

அம்மாவின் பஞ்சாங்கப் பைத்தியத்தை நான் காலேஜில் சொல்லிச் சிரித்தேன். பிறகு ஒருநாள் பின்சீட்டுக்கு உறை தைக்கத் துணி கேட்டுப் போனேன். ஹவாய் செருப்பை வெட்டிச் செய்திருந்த அந்தச் சீட்டைக் கையில் திருப்பிப் பார்த்துக்கொண்டே, அம்மா சாவகாசமாகக் கேட்டாள்: "இன்னும் எத்தினி நாளு வேணும் உனுக்கு? நல்ல நாளு கைவசம் கொறஞ்சிகினே வருது." அதன் பிறகு நான் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை. அம்மாவே ஜாக்கெட் பிட்டில் உறை தைத்து, குண்டூசித் தலையால் நிஜச் சந்தனத்தைத் தொட்டு வட்டங்கள் வைத்தாள். இரண்டு பெரிய வட்டம், நடுவில் ஒரு சின்ன வட்டம்.

எல்லாம் ஒட்டி, வெள்ளை அடித்து, மஞ்சள் நம்பர் பிளேட்டும் வைத்தாகிவிட்டது. நைனா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து, வண்டியை உள்ளங்கையில் ஏந்தினார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். நான் பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

"எல்லாம் சரிதான். ஓட்றது யாரு?"

"என்ன நைனா?"

"பக்கத்துல குந்திகினு வர்றவனா?"

ஸ்டியரிங் இடதுபக்கம் இருந்தது. அண்ணன்காரன் வெளிநாட்டில் ஓடினவன், அங்கே அப்படித்தான். பம்பரிலிருந்து கேரியர் கம்பிவரை அளந்தவளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். கை வைக்கக்கூடாத இடம் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்ததால், அந்த ஒரு மூலையை மட்டும் நான் அளக்கவே இல்லை. டிரைவர் சீட்டுப் பக்கம் டேப்பே போகவில்லை.

அழுகை வந்துவிட்டது. கூரையைப் பெயர்த்தால்தான் டேஷ்போர்டை மாற்ற முடியும். பெயர்த்தால் உடையலாம். அம்மாவிடம் மிச்சமிருந்த சாக்கோ ஒரு அமாவாசை மட்டும்.

"வா," என்றார் நைனா. வாசலில் நின்ற வண்டியின் டிரைவர் கதவைத் திறந்து, "அளந்துக்க. திருப்பாத, அளக்க மட்டும்," என்றார். நான் முதன்முதலாக அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன். என் கால் கிளட்ச்சை எட்டியது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன்.

கூரை உடையாமல் வந்தது. டேஷ்போர்டை நடுவில் வெட்டி, வலதை இடதாகவும் இடதை வலதாகவும் ஒட்டினேன். வியாழக்கிழமை வண்டி போகிறது என்று முடிவாகி, புதன்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேரும் கடைசித் தடவையாக மலை ஏறினோம். அம்மா பின்சீட்டில் சந்தனத்தில் சாய்ந்துகொண்டாள். நான் முன்னால், மடியில் துண்டு விரித்து, அதன்மேல் சின்ன வண்டி. கடைசி வளைவு வந்தபோது நைனாவின் கையையே பார்த்தேன். அது செகண்டு கீருக்குப் போனது, வண்டி முனகிக்கொண்டே ஏறியது, நிற்கவில்லை. சரி, அவ்வளவுதான் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேலே, புது வண்டிகளுக்குப் பூஜை போடுகிற இடத்தில் நிறுத்தினார். குருக்கள் எங்கள் துருப்பிடித்த வண்டியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"எந்த வண்டிக்கு?"

"சின்னதுக்கு, சாமி. புதுசு. பூஜ போடாத வண்டிய ஓட்டக் கூடாது பாருங்க."

குருக்கள் என் மடியிலிருந்ததைப் பார்த்தார். கண் இமைக்கவில்லை. "யார் பேருல?" என்றார். நைனா என் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். தீக்குச்சி முனையால் பானெட்டில் குங்குமம். கற்பூரத்தை எட்டவே காட்டினார், பிளாஸ்டிக் என்று அவருக்கே தெரிந்திருந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில்தான் சிக்கல். பழத்தைப் பக்கத்தில் வைத்தால் கதவுக் கைப்பிடியைத் தாண்டி ஜன்னல்வரை வந்தது. வண்டி ஏறி நசுக்குவதா, பழம் உருண்டு வண்டியை நசுக்குவதா என்ற நிலைமை. அம்மா பூஜைக் கூடையோடு கொண்டுவந்த காய்கறிப் பையில் துழாவிச் சுண்டைக்காய் கொடுத்தாள். வண்டி அதன்மேல் ஏறித் துள்ளிக் குதித்தது, காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் குருக்களே போய், மதில் ஓரத்தில் முளைத்திருந்த மணத்தக்காளிச் செடியிலிருந்து நான்கு பழுத்த பழம் பறித்துவந்தார். நைனா இரண்டு விரலால் வண்டியை முன்னால் தள்ளினார். நான்கும் நசுங்கின. டயரில் ஊதாக் கறை.

இறங்கும்போது, அந்த வளைவில் நைனா வண்டியை ஓரங்கட்டினார். கை பிரேக் போட்டார். இறங்கி, சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்தார். கேஸ் இல்லாத லைசென்சை எனக்காக ஒரு வளைவுக்கு மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அவர் என் மடியிலிருந்து சின்ன வண்டியை எடுத்தார். வளைவை ஒட்டி ஓடிய கைப்பிடிச் சுவர்மேல், மலையைப் பார்த்த மாதிரி வைத்தார்.

"ஏத்து. இதுக்கு லைசென்சு வாணாம்."

எனக்குச் சிரிப்பதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. இறங்கிப் போய் வண்டியின் கூரையில் விரல் வைத்தேன்.

"மொதல்ல கிளட்ச்சு."

இடதுகாலால் தார் ரோட்டை அமுக்கினேன்.

"ஃபர்ஸ்டு. வுடு, மெதுவா வுடு. ஆங். இப்ப செகண்டு. செகண்டு மொரண்டு பண்ணும், பதமா போடு. ஆரன் அடி, எதிர்ல பஸ்ஸு வரும்."

ஆரன் அடித்தேன், வாயால். கீழேயிருந்து ஏறி வந்த ஒரு வேன் எங்களைப் பார்த்து நின்றது. உள்ளே முழுக்க மொட்டை போடப்போகிற தலைகள். டிரைவர் எட்டிப்பார்த்தார்.

"இன்னா அண்ணே, ரிப்பேரா?"

"பொண்ணு ஓட்டினுகீது. கொஞ்சம் இரு."

அந்த டிரைவர் இன்ஜினை அணைத்தார். வளைவின் முடிவுவரை, மணத்தக்காளிச் சாறு சுவரில் இரண்டு கோடாக இழுபட, நான் வண்டியை ஏற்றினேன். முடிந்ததும் நைனா "நூட்ரல் பண்ணு" என்றார். பண்ணினேன். பின்சீட்டிலிருந்து அம்மா, "இறங்கசொல்லயும் அவளே ஓட்டுவாளா, இல்ல நாம வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

மறுநாள் கனகம்மாசத்திரத்துக்காரர் வந்தார். பிரித்துப் போடப்போகிற வண்டி என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் நைனா சாவியைக் கொடுக்கும்போது, "செகண்டு கொஞ்சம் மொரண்டு பண்ணும், பாத்து" என்றார். அந்த மனுஷரும் "சரிங்க" என்று வாங்கிக்கொண்டார்.

இப்போது ஸ்டேஷன் வாசலில் அந்த டாக்ஸி வரிசை இல்லை. ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் போனைத் தேய்த்துக்கொண்டே நடக்கிறார்கள், வண்டி அவர்களைத் தேடி வருகிறது. சின்ன வண்டி எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. டயரின் ஊதா பழுப்பாகிவிட்டது. போன தடவை போனபோது அதன் பின்ஜன்னலை மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். சந்தனம் போகட்டும், பெயிண்ட் வாசனைகூட இல்லை.

போன மாதம் நான் கார் வாங்கினேன். ஆட்டோமேட்டிக்; கிளட்ச்சும் கிடையாது, கீரும் மாற்ற வேண்டியதில்லை. ஒரகடம் டிராஃபிக்கில் அதுதான் சௌகரியம் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். பூஜைக்கு மலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன், பக்கத்தில் நைனா. லைசென்ஸ் எனக்கு ஏழு வருஷமாக இருக்கிறது. ஒரு கேஸ் இல்லை. கடைசி வளைவு வந்தது. நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய வலது கை எனக்கும் அவருக்கும் நடுவில் கொஞ்சம் உயர்ந்தது. வாயைத் திறந்தார். வண்டி சத்தமே இல்லாமல், வழுக்கிக்கொண்டு வளைவில் ஏறியது.

"சொல்லு நைனா," என்றேன்.

"இன்னாத்த சொல்றது," என்றார், கையை மடிமேல் வைத்துக்கொண்டு. "அதுவே போட்டுகினு போவுது."

என் இடதுகால் அதுவரைக்கும் கீழே வெறும் தரைவிரிப்பை அமுக்கிக்கொண்டிருந்தது.